அரக்கி வைத்த காடு

டென்மார்க்கில் காடு எப்படி உண்டாகிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைக் கேட்டால் விதை, மழை, வெயில் என்று சொல்லும். பாராளுமன்றத்தில் இருப்பவர்களைக் கேட்டால் சட்டத்தால் உண்டாகிறது என்பார்கள். இரண்டும் பிழை. காடு யேசுரட்ணத்துக்கும் பாலேந்திராவுக்கும் இடையில் உண்டாகிறது. நான் கண்ணால் கண்டவன்.

இடம் ரண்டர்சிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அது எந்தக் கொம்யூனுக்குள் வருகிறது என்று சொல்லமாட்டேன். இந்த நாட்டில் ஊராட்சிக்குக் கொம்யூன் என்று பெயர். அதற்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், எனக்கு முழங்கால் வலிதான் இருக்கிறது. ஆற்றோரத்து ஈரநிலம். முன்பு அதை வைத்திருந்த டெனிஸ்காரன் பன்றி வளர்த்தவன். பன்றிகளே இந்தச் சேற்றில் கால் வைக்கமாட்டோம் என்று வரிசையாகத் திரும்பி வந்த பிறகுதான் விற்றான். வாங்கிய இருவரும் இறைச்சித் தொழிற்சாலை ஒன்றில் பக்கத்தில் பக்கத்தில் நின்று வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள். மன்னார்க்காரன் யேசுரட்ணம் ஒரு பாதியை ஆடு வளர்ப்பதற்காக வாங்கினான். யாழ்ப்பாணத்துப் பாலேந்திரா மற்றப் பாதியை யேசுரட்ணம் வாங்கிவிட்டான் என்பதற்காக வாங்கினான்.

நடுவில் ஒரு வேலி போட்டார்கள். வேலி என்றால் எங்கள் ஆட்களுக்கு ஒருமுறை அடைத்துவிட்டு மறந்துபோகிற சாமான் இல்லை. பச்சைத் தடிகளைக் கதியாலாக நட்டு அடைக்கிற வேலி அது. பட்ட கதியாலை மாற்றுகிறேன் என்ற சாட்டில் வருடத்துக்கு ஒருமுறை அதைப் பக்கத்துக் காணிக்குள் கொஞ்சம் நகர்த்தி, எங்கள் பேச்சில் அரக்கி, வைக்க வேண்டும். ஒரு சாண் அரக்கலாம். மனத்துணிவு உள்ளவன் ஒரு கவடு, ஒரு காலெட்டுத் தூரம், அரக்குவான். பக்கத்துக் காணிக்காரன் வெளியூர் போன நாளாகப் பார்த்துச் செய்யவேண்டும். அவன் வந்து பார்ப்பான், ஒரு சொல்லும் சொல்லமாட்டான், நீங்கள் வெளியூர் போகிற நாளுக்காகக் காத்திருப்பான். ஊரில் வழக்கறிஞர்கள் மாடிவீடு கட்டியது இப்படித்தான்.

இங்கேயும் அதே முறைதான். ஆனால் கதியாலுக்கு இவர்கள் வெட்டியது ஆற்றங்கரை வில்லோ மரம். அந்த மரத்தின் குணம் இவர்களுக்குத் தெரியாது. பச்சைத் தடியை ஈரநிலத்தில் குத்திவிட்டால் போதும், அது வேர்விட்டு மரமாகிவிடும். நான் ஒருமுறை என் கைத்தடியை அங்கே ஊன்றிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் தடியில் இரண்டு இலை. அலுமினியத் தடி.

ஆகவே பழைய வேலியைப் பிடுங்க முடியவில்லை. பிடுங்க முடியாவிட்டால் என்ன, பக்கத்தில் புதிதாக ஒரு வரிசை நடலாம் அல்லவா? பாலேந்திரா கனாரித் தீவுக்கு வெயில் காயப் போனபோது யேசுரட்ணம் அவன் பக்கம் ஒரு வரிசை நட்டான். யேசுரட்ணம் லூர்து மாதாவிடம் யாத்திரை போனபோது பாலேந்திரா இவன் பக்கம் ஒரு வரிசை நட்டான். ஒருவனுக்கு வெயில் ஆசை, மற்றவனுக்குப் பக்தி. இரண்டும் வருடாவருடம் வளர்ந்தன. வரிசைகளும் வளர்ந்தன. முதலில் நரி வந்தது, பிறகு மான் வந்தது, பிறகு தூரக்கண்ணாடியோடு பறவை பார்க்கும் சங்கம் வந்தது. ஒருநாள் காலை ஆடு தேடி உள்ளே போன யேசுரட்ணம் மத்தியானம் தாடியோடு வெளியே வந்தான். போகும்போது சவரம் செய்திருந்தான்.

இருந்தாலும் இருவரும் அதை வேலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இதற்கிடையில் யேசுரட்ணத்தின் மகள் றொஷானிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பிள்ளை முதியோர் இல்லத்தில் தாதி. நல்ல பெடியனைத் தானே பார்த்துக்கொண்டாள். தகப்பனுக்கு மிஞ்சியிருந்தது சாப்பாட்டுப் பொறுப்பு ஒன்றுதான். அதில்தான் அவனுடைய மானம் சிக்கியிருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பு பாலேந்திராவின் மகன் கிருஷாந்தின் கல்யாண வரவேற்பு ஓகூஸ் நகரத்தில் நடந்தது. நியூசிலாந்திலிருந்து வந்த ஐஸ் இறைச்சியில் கறி. யேசுரட்ணம் ஒரு துண்டை முள்ளுக்கரண்டியில் தூக்கிப் பிடித்து மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னான்:

"பாலா, இது கப்பலிலை வந்த பிணமடா. என்ர பிள்ளையின்ர கலியாணத்துக்கு வா. அண்டைக்குக் காலமை வரைக்கும் புல்லுத் திண்ட ஆட்டிலை கறி தாறன். அப்பிடித் தராட்டி என்ர பேரை மாத்து."

பாலேந்திரா ஒன்றும் சொல்லவில்லை. வேலி விஷயத்தில் ஒன்றும் சொல்லாமல் இருப்பது போலவே இருந்தான்.

கல்யாணத்துக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கையில்தான் கொப்பன்ஹேகனில் அந்தச் சட்டத்தை நிறைவேற்றினார்கள். காடு மற்றும் மேய்ச்சல்நிலத் திட்டச் சட்டம். அதைப்பற்றி வருடக்கணக்கில் விவாதம் நடந்ததாம். தொலைக்காட்சியில் நானும் பார்த்தேன். காடு என்றால் மரம் என்றது ஒரு கட்சி. காடு என்றால் முதலீடு என்றது இன்னொன்று. நடுவில் இருந்த கட்சி, தெருவில் காரில் போகிறவனுக்குத் தெரிந்தால் அது காடு என்றது. பேசியவர்களில் ஒருவரின் சப்பாத்திலாவது சேறு இருந்ததா என்று உற்றுப் பார்த்தேன். ஒருவருடைய சப்பாத்தில் ஏதோ இருந்தது, சொக்கலேற்.

கடைசியில் எல்லாக் கட்சியும் சேர்ந்து கைதூக்கின. யாரும் முழுக்க வாசிக்காத சட்டத்துக்கு எதிரி இருக்கமுடியாது. நாட்டில் வீடும் தெருவும் இல்லாத நிலமெல்லாம் இனி இரண்டு நிறம்: காடு என்றால் பச்சை, மேய்ச்சல் என்றால் மஞ்சள். மூன்றாவது நிறம் கிடையாது. பச்சையில் மரம் வெட்டக்கூடாது, சொந்த ஆடுமாடு வைக்கக்கூடாது. மஞ்சளில் வைக்கலாம். ஒவ்வொரு கொம்யூனும் இத்தனை பச்சை காட்டவேண்டும் என்று பங்கும் பிரித்துக் கொடுத்தார்கள்.

றொஷானிதான் வந்து சொன்னாள். அவள் டெனிஸில் சொல்வாள், தகப்பன் தமிழில் ஏசுவான், இருவருக்கும் விளங்கும்.

"அப்பா, வரிசையாக நின்றாலும் சரி, இருபது மீற்றர் அகலத்துக்கு மரம் இருந்தால் அது காடு. அதைத் தொட்டபடி இருக்கிற காணியும் பச்சைதான். உங்கள் ஆடுகள் நிற்கமுடியாது."

"ஆர் சொன்னது காடெண்டு? அது வேலியடி!"

"நரி இருக்கிற வேலியா?"

"வேலியிலை நரி இருக்கப்படாதெண்டு எந்தச் சட்டத்திலை கிடக்கு?"

"சட்டம் அடுத்த மாதம் முதலாம் திகதிதான் அமுலுக்கு வருகிறது, அப்பா. அதற்கு முன்பு வெட்டினால் யாரும் கேட்கமாட்டார்கள். சில வரிசைகளை வெட்டினால் போதும். அகலம் குறைந்தால் மஞ்சள்."

இவ்வளவு சுலபமாக ஒரு சட்டத்திலிருந்து தப்பக்கூடிய வசதி இந்த நாட்டில் வேறு யாருக்கும் கிடைத்ததில்லை. யேசுரட்ணம் அன்றைக்கே மின்சார வாள் அல்ல, பெற்றோலில் ஓடுகிற, மரம் அறுக்கும் பெரிய வாள் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு வந்தான். வந்து, மரங்களுக்கு முன்னால் நின்று, பாலேந்திராவைக் கூப்பிட்டான். அங்கேதான் பிழை நடந்தது.

"பாலா, நீ நட்ட வரிசையளை வெட்டப்போறன். சரியே?"

"என்ரதை ஏன் வெட்டுவான்? நீ நட்டதை வெட்டு."

"நான் நட்டதுதானேடா எல்லை!"

"எது? நான் கனாரியிலை கிடக்கேக்கை களவாய் நட்டதோ?"

"நீ மட்டும்? நான் மாதாவிட்டை முழங்காலிலை நிக்கேக்கை நீ இஞ்சை குனிஞ்சு நிண்டு தடி குத்தினனி."

"மாதாவிட்டைப் போறவன் காணியை மறந்திட்டுப் போகவேணும். அப்பதான் வரம் கிடைக்கும்."

விஷயம் இதுதான். எந்த வரிசையை வெட்டாமல் விடுகிறார்களோ அதுதான் எல்லை என்று ஆகிவிடும். வருடக்கணக்காகச் சாண் சாணாகச் சேர்த்ததை ஒரு வாளால் இழக்க இருவரும் தயாரில்லை. பிணக்கைத் தீர்க்க என்னைக் கூப்பிட்டார்கள். நான் எல்லாரிடமும் ஒரே அளவு பொய் சொல்கிறவன் என்பதால் எனக்குப் பக்கச்சார்பு இல்லை என்று இரண்டு பேருக்கும் நம்பிக்கை.

"இஞ்சை பாருங்கோ," என்றேன். "ஒரு வரிசையையும் விடாதையுங்கோ. முழுக்க வெட்டுங்கோ. பிரச்சினை முடிஞ்சுது."

இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் என் தலைமயிர் இன்னும் கொஞ்சம் நரைத்தது. பிறகு இரண்டு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன:

"முழுக்க வெட்டினால் எல்லை எங்கை, அண்ணை?"

"கொம்யூனிலை வரைபடம் இருக்குமே."

"வரைபடமோ!" பாலேந்திரா சிரித்தான். "வரைபடத்தை நம்பி ஆர் அண்ணை காணி வைச்சிருக்கிறது?"

"பாலா, என்ர பிள்ளையின்ர கலியாணமடா. ஆடு போனால் நான் என்னத்தைப் போடுறது?"

"கப்பலிலை வருமாமே, அதைப் போடு. பேரையும் மாத்தவேணும். நான் நல்ல பேராய் யோசிச்சு வைச்சிருக்கிறன்."

மாதம் முடியுமட்டும் கதைத்தார்கள். நாற்காலி கொண்டுவந்தார்கள், தேநீர்ப் போத்தல் கொண்டுவந்தார்கள், மழைக்குக் குடை கட்டினார்கள். யேசுரட்ணம் கோபம் வரும்போதெல்லாம் வாளை இயக்குவான், பாலேந்திரா கத்துவது கேட்காதபடியால் நிறுத்துவான். அந்த வாள் அவ்வளவு பெற்றோலையும் குடித்துவிட்டு ஒரு குச்சியைக்கூட வெட்டவில்லை. இதற்கிடையில் அவர்கள் கை காட்டுவதற்குப் பிடித்திருந்த தடிகளைக் கோபத்தில் நிலத்தில் குத்திக் குத்திப் பேசியதில் இன்னும் ஒரு வரிசை முளைத்தது.

முதலாம் திகதி காலை பாலேந்திரா, "சரி, முதல் நட்ட வரிசை எதெண்டாவது ஒத்துக்கொள்ளுவம்" என்று சொல்லிக்கொண்டிருக்கையில் கொம்யூனின் கார் வந்து நின்றது.

இறங்கியவள் கிர்ஸ்டன். திட்டமிடல் பகுதி அதிகாரி. றப்பர் சப்பாத்து, கையில் அகலம் அளக்கிற லேசர்க் கருவி ஒன்று, விரல் பருமன். நல்ல பெண். அவளுடைய துன்பமும் பெரிது. அவளுடைய கொம்யூன் காட்டவேண்டிய பச்சையில் அதுவரை ஒரு சுற்றுவட்டச் சந்திதான் பச்சையாகி இருந்தது. நகரபிதா அங்கே பத்திரிகைக்காரரை வைத்துக்கொண்டு மூன்று ஓக் கன்றுகள் நட்டார். இரண்டு பட்டுப்போயின. மூன்றாவதை யாரோ கிண்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அவள் இவர்களுடைய வேலியைப் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"இதை யார் உருவாக்கினார்கள்?" என்று டெனிஸில் கேட்டாள்.

இருவரும் ஒருவரை ஒருவர் காட்டினார்கள்.

"எல்லை எது?"

யேசுரட்ணம் ஒரு வரிசையைக் காட்டினான். பாலேந்திரா இன்னொரு வரிசையைக் காட்டினான். இரண்டுக்கும் நடுவில் ஒரு மான் நின்று மூவரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

"அற்புதம்," என்றாள் கிர்ஸ்டன். "இரண்டு அயலவர்கள் எல்லையை மறந்து ஒரு காட்டை வளர்த்திருக்கிறீர்கள்."

பிறகு லேசரை நீட்டி அகலம் அளந்தாள். அளந்து எழுதிவிட்டு, கருவியை வேலித்தடியின் மேல் வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். அந்த நேரத்தில்தான் டிரெக்டர் வந்தது. டிரெக்டர் யேசுரட்ணத்தின் கிழட்டுக் கிடாய். பழைய தொழிற்சாலை முதலாளியின் நினைவாக வைத்த பெயர். அவரைப்போலவே அதுவும் ஒரு வேலையும் செய்யாமல் எல்லாருடைய சாப்பாட்டிலும் வாய் வைக்கும். அது லேசரை ஒரே வாயில் விழுங்கிவிட்டுக் காட்டுக்குள் போனது. கிர்ஸ்டன் கவனிக்கவில்லை, கருவி புல்லில் விழுந்திருக்கும் என்று கொஞ்சநேரம் தேடிவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு டிரெக்டர் கத்துகிற போதெல்லாம் எதிரே நிற்கிற மரத்தில் ஒரு சிவப்புப் பொட்டு விழும். மற்ற ஆடுகள் அதற்கு மரியாதை கொடுத்து ஒதுங்கி நின்றன.

காணி பச்சையானது. ஆடுகள் போகவேண்டும் என்று முடிவானது. யேசுரட்ணம் நாலுநாள் சாப்பிடவில்லை. பாலேந்திரா அந்த நாலுநாளும் இரண்டு பங்கு சாப்பிட்டான்.

ஆனால் சட்டத்தை முழுக்க வாசிக்காமல் கைதூக்கினால் இடையில் என்ன கிடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? காட்டுப் பகுதியை ஒரு குழு எழுதியிருந்தது, மேய்ச்சல் பகுதியை இன்னொரு குழு இன்னொரு கட்டடத்தில் இருந்து எழுதியிருந்தது. இரண்டு கட்டடத்துக்கும் பொதுவாக இருந்தது சாப்பாட்டு அறை ஒன்றுதான், அங்கே வேலைக்கதை பேசுவது பண்பில்லை. காட்டில் ஆடு நிற்கக்கூடாது என்றது முதல் குழு. ஆடு மேயாத காடு காடே இல்லை என்றது இரண்டாம் குழு. கிர்ஸ்டன் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்துவிட்டு வந்து விளக்கினாள். தனியாருடைய ஆடு காட்டுக்குக் கேடு. கொம்யூனுடைய ஆடு காட்டுக்கு நன்மை.

"உள்ளுக்கை நிக்கிறது என்ர ஆடுதானே?" என்றான் யேசுரட்ணம். றொஷானி மொழிபெயர்த்தாள்.

"நாங்கள் அடைக்கப்போகிற காட்டு வேலிக்கு உள்ளே நிற்கிற ஆடு காட்டின் ஆடு," என்றாள் கிர்ஸ்டன். "வெளியே நிற்கிற ஆடு உங்களுடையது. வெளியே வந்தால் நீங்கள் என்னவும் செய்யலாம்."

ஆடுகள் எல்லாம் அந்த நேரம் உள்ளே நின்று பாலேந்திரா நட்ட வரிசையை உரித்துத் தின்றுகொண்டிருந்தன. எட்டுநாள் கூப்பிட்டாலும் வெளியே வராது. வில்லோப் பட்டை அவைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். அப்படியே அரசாங்க ஆடுகளாகிவிட்டன. கழுத்தில் வானத்துச் செய்மதிக்குச் சேதி சொல்கிற பட்டி கட்டினார்கள். யேசுரட்ணத்துக்கு 'மேய்ச்சல் நண்பர்' என்று ஒரு பதவியும் செம்மஞ்சள் மேலங்கி ஒன்றும் கொடுத்தார்கள். சம்பளம் இல்லை. நண்பர் அல்லவா?

"மேய்ச்சல் நண்பர் சேர், வணக்கம்!" என்று பாலேந்திரா தினமும் காலையில் கூப்பிடுவான். "கலியாணத்துக்கு எந்தக் கப்பல் வருதாம்?"

யேசுரட்ணம் மேலங்கியைப் போட்டுக்கொண்டு தன் ஆடுகளை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டு நிற்பான். அவையும் பார்க்கும். டிரெக்டர் மட்டும் ஒரு சிவப்புப் பொட்டை அவன் நெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும்.

கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கையில் கொம்யூனின் ஒப்பந்தக்காரன் வந்து காட்டைச் சுற்றி வேலி அடைத்தான். இயற்கைக்கு உகந்த வேலியாம். கம்பி இல்லை, சீமெந்து இல்லை. பச்சை வில்லோத் தடி. அடைத்து முடித்துவிட்டு அவன் போனதும் பாலேந்திரா தன் பக்கத்து வேலியோரம் நடந்தான். நின்றான். குனிந்து காலால் அளந்தான். பிறகு மற்றப் பக்கம் ஓடிவந்தான். அவன் ஓடி நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

"ரட்ணம்! இஞ்சை ஓடி வா!"

"என்ன, கப்பல் வந்திட்டுதோ?"

"பகிடியை விடு. என்ர காணிக்குள்ளை ஒரு கவடு வந்திருக்கிறாங்கள். உன்ர பக்கம் பாத்தனியே?"

யேசுரட்ணம் காலை வைத்து அளந்தான். முகம் கறுத்தது.

"இஞ்சையும் ஒரு கவடு."

"அரக்கிப் போட்டாங்களடா!"

"பட்டப்பகலிலை!"

"நாங்கள் வீட்டிலை இருக்கேக்கை! வெளியூர் போகக்கூட விடேல்லை!" பாலேந்திரா கொம்யூனின் தடி ஒன்றைக் காலால் உதைத்தான். "ஒரு மரியாதை வேண்டாமே?"

இருவரும் புல்லில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாழ்நாள் முழுக்கப் பழகிய வேலையை ஒரு கொம்யூன் ஒரு பின்னேரத்தில் இரண்டு பக்கமும் செய்துவிட்டுக் கைதட்டும் வாங்கிக்கொண்டு போனால் மனிதன் என்ன செய்வான்? முதலில் எழுந்தவன் பாலேந்திரா.

"உன்ர மேலங்கி இன்னொண்டு கிடக்கே?"

"மழைக்கெண்டு ஒண்டு தந்தவங்கள்."

"தா. உன்ர பக்கத்திலை இருந்து துவங்குவம். இரண்டு கவடு காட்டுக்கு உள்ளுக்கை. அவங்கள் ஒண்டு அரக்கினால் நாங்கள் இரண்டு. தடியைப் பிடுங்கினவுடனை நடவேணும், கீழை வைச்சால் முளைச்சுப்போடும்."

டென்மார்க்கில் செம்மஞ்சள் மேலங்கி போட்டவனை யாரும் என்ன செய்கிறாய் என்று கேட்பதில்லை. பாலம் ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனாலும் வழிவிட்டு நிற்பார்கள். இவர்கள் பகல் வெளிச்சத்தில், காரில் போகிறவர்கள் கை அசைக்க, தடிகளைப் பிடுங்கி இரண்டு கவடு உள்ளே தள்ளித் தள்ளி நட்டார்கள். கொம்யூனின் வேலி என்பதால் அது இன்னும் வேர் பிடிக்கவில்லை. அரசாங்க வேலை எப்போதும் தாமதம்தானே. நான் நாற்காலியில் இருந்து, கோணலாகப் போகிறது, நேராக்குங்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் ஒரே வேலியை ஒரே திசையில் அரக்கியது அன்றைக்குத்தான்.

வேலி உள்ளே போகப் போக ஆடுகளும் உள்ளே உள்ளே போய்விட்டன. அவைகளுக்குச் சட்டம் விளங்கியிருக்க வேண்டும். ஒரேயொரு ஆடு மட்டும் அசையவில்லை. யாருக்காகவும் இடம்விட்டுப் பழகாத டிரெக்டர் நின்ற இடத்திலேயே நின்றது. வேலி அதன் வாலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது.

"ரட்ணம்," என்றான் பாலேந்திரா மெதுவாக. "இது இப்ப வெளியாலை நிக்குது."

"ஓம்."

"அப்ப உன்ர ஆடு."

"கிழட்டுக் கிடாயடா. சப்பாத்துத் தோல் மாதிரி இருக்கும்."

"புல்லுத் திண்டதுதானே? நீ கப்பலெண்டு சொன்னாய், நான் பொறுத்தனான். இளங்கிடாயெண்டு நீ சொல்லேல்லை. பேர் தப்பிச்சுது."

யேசுரட்ணம் டிரெக்டரின் கழுத்துப் பட்டியை அவிழ்த்தான். அதை எங்கே வைப்பது? கொம்யூனின் சொத்து, வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வேலிக்கு உள்ளே கையை நீட்டி ஒரு வில்லோக் கன்றின் நுனியில் கொழுவிவிட்டான்.

விருந்து காணியிலேயே நடந்தது, பெரிய கூடாரத்துக்குள். கொப்பன்ஹேகன் பக்கத்து இஷொயிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். ஒரு கிடாயை அத்தனை பேருக்கும் பங்கிட்டதில் ஆளுக்கு ஒரு துண்டு வந்தது, பெருவிரல் நகம் அளவு. அது போதும். அந்தத் துண்டை வாயில் வைத்தவர்கள் பாதிரியாரின் ஆசீர்வாதத்தின்போது மெல்லத் தொடங்கி, கேக் வெட்டும்போதும் மென்றுகொண்டிருந்தார்கள். எதிரெதிர்க் குடும்பத்துக்காரர்கள் பேசிச் சண்டை பிடிக்க வழியில்லாமல் போனதால், அவ்வளவு அமைதியான கல்யாணத்தை நான் பார்த்ததில்லை.

பாலேந்திரா மென்றான். இந்தக் கன்னத்துக்கு மாற்றினான், அந்தக் கன்னத்துக்கு மாற்றினான்.

"எப்பிடி?" என்றான் யேசுரட்ணம்.

"கப்பலிலை வந்தது இதைவிட..."

"மெல்லு. உள்ளூர் ஆடு."

கிர்ஸ்டனும் வந்திருந்தாள். றொஷானி தானே அழைத்திருந்தாள். பிள்ளைக்கு எல்லாரிடமும் மரியாதை. அந்த மரியாதைதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது. அன்றைக்குக் காலையில் கிடாயின் குடலைக் கழுவும்போது தொட்டிக்குள் 'டங்' என்று ஒரு சத்தம். விரல் பருமனில் ஒரு கருவி, கொம்யூனின் பெயர் பொறித்தது. றொஷானி அதைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நாடா கட்டி வைத்திருந்தாள். தகப்பனிடம் ஒரு சொல் சொல்லவில்லை. கல்யாணச் சேலையோடு வந்து கிர்ஸ்டனின் கையில் கொடுத்தாள்.

"உங்களுடையதுதானே? கிடைத்துவிட்டது."

கிர்ஸ்டனின் வாயில் டிரெக்டரின் ஒரு துண்டு இருந்தது. அவள் சந்தோஷத்தில் தலையை ஆட்டினாள். கருவி இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க, இருந்த இடத்திலிருந்தே காட்டுப் பக்கம் நீட்டி அழுத்தினாள். சிவப்புப் பொட்டு போய் வேலியில் விழுந்தது. இலக்கத்தைப் பார்த்தாள். புருவம் சுருங்கியது. வேலி முதலில் நின்ற மூலையில் கொம்யூன் பதித்த எல்லைக்கல் ஒன்று புல்லுக்குள் தனியாக நின்றது. அதற்கு நீட்டி அழுத்தினாள். இலக்கத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பி, மேசைக்கு எதிரில் இருந்த இருவரையும் பார்த்தாள்.

யேசுரட்ணம் பாலேந்திராவைக் காட்டினான். பாலேந்திரா யேசுரட்ணத்தைக் காட்டினான்.

அவள் கேட்கத்தான் வாயெடுத்தாள். ஆனால் வாயில் துண்டு இருந்தது. டெனிஸ்காரர் வாயில் சாப்பாட்டோடு பேசமாட்டார்கள், துப்பவும் மாட்டார்கள், அப்படி வளர்த்திருக்கிறார்கள். மென்றாள். நாங்கள் மூவரும் அவளுடைய தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாப்பிள்ளையின் மாமா பேசினார், அவள் மென்றாள். மாப்பிள்ளையின் நண்பர்கள் பாடினார்கள், மென்றாள். கடைசியாக அவள் விழுங்கியபோது விருந்தினர் எல்லாரும் போய்விட்டார்கள், கூடாரக்காரன் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான், என்ன கேட்க வந்தாள் என்பது அவளுக்கே மறந்துபோயிருந்தது.

"நல்ல இறைச்சி," என்றாள். "நீண்ட நேரம் நிற்கிறது."

இப்போது அமைச்சு வருடாவருடம் அறிக்கை வெளியிடுகிறது. சட்டம் பெரிய வெற்றியாம். காட்டைப் பராமரிக்கும் ஆடுகளைச் செய்மதி மூலம் கவனமாகப் பின்தொடர்கிறார்களாம். அதில் ஒரு ஆட்டைப்பற்றி மட்டும் நிபுணர்கள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். இரவும் பகலும் ஒரே இடத்தில் நின்று மேய்கிறது. வில்லோ வேகமாக வளர்கிற மரம் அல்லவா? போன வருடம் அது ஆளுயரத்துக்கு மேல் நின்று மேய்ந்ததாம். இந்த வருடம் கூரை உயரத்தில் நிற்கிறதாம். கொப்பன்ஹேகனிலிருந்து ஒரு குழு ஏணியோடு வரப்போகிறது என்று கேள்வி. பாலேந்திரா கனாரித் தீவுக்குப் போவதை ஒத்திவைத்துவிட்டான். யேசுரட்ணமும் போகவில்லை. இருவரும் வீட்டில் இருந்து, இன்னொரு கவடு அரக்குவதற்காக, அந்தக் குழு வந்து எப்போது திரும்பிப் போகும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.